மணமும் மனமும்

ஐப்பசித் திங்களில் திருநெல்வேலி அருள்மிகு நெல்லையப்பர் திருக்கோயிலில் நடைபெறும் திருக்கல்யாண விழா, தென்பாண்டி நாட்டு மக்களின் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றதாகும். பாளையங்கோட்டையிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பொருநையாற்றைக் கடந்து குடும்பம் குடும்பமாக அன்பர்கள் திரள்கின்றனர். மணமாகாத மகளிரும், மக்களின் மணத்தை எண்ணிக் கவலையுறும் பெற்றோரும் அம்மையின் திருமுன் நெடுநேரம் நின்று வேண்டுகின்றனர்.

இவ்விழாவின் நிகழ்ச்சி வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. முதற்கண் அன்னை காந்திமதி கம்பை நதியில் தவம் இயற்றுகின்றாள். அத்தவத்திற்கு இரங்கி இறைவன் எழுந்தருளிக் காட்சி நல்குகின்றான். அதன் பின்னரே தமையனாராகிய நெல்லைக் கோவிந்தர் தாரை வார்த்துக் கொடுக்கின்றார். மணமகளின் விருப்பம் முதலாவது. மணமகனின் இசைவு இரண்டாவது. கொடுப்போரின் கை மூன்றாவது. திருக்கோயில் ஆண்டுதோறும் நம் கண்முன் நிகழ்த்திக் காட்டும் இவ்வரிசை, இல்லங்களில் எவ்வளவு பேணப்படுகின்றது என்பதே எண்ணிப் பார்க்க வேண்டுவதாகும்.

எண்வகை மணமும் எழுதிணையும்

வடநூலார் மணத்தை எண்வகையாகப் பகுத்தனர். பிரமம், பிரசாபத்தியம், ஆரிடம், தெய்வம், காந்தருவம், அசுரம், இராக்கதம், பைசாசம் என்பன அவை. தமிழ் மரபோ அகவொழுக்கத்தைக் கைக்கிளை, அன்பின் ஐந்திணை, பெருந்திணை என எழுதிணையாகக் கண்டது. கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். பெருந்திணை என்பது பொருந்தாக் காமம். ஒத்த அன்புடைய இருவர்தம் ஒழுக்கமே ஐந்திணை எனச் சிறப்பிக்கப்பட்டது.

இவ்விரு பகுப்பையும் தொல்காப்பியனார் களவியலில் ஒருங்கு வைத்து ஒப்பிட்டார். உரையாசிரியர்கள் காட்டும் முறைப்படி அசுரம், இராக்கதம், பைசாசம் ஆகிய மூன்றும் கைக்கிளையின்பாற்படும். பொருள் கொடுத்தோ வீரச்செயல் புரிந்தோ பெறுவதும், வலிதிற் கவர்ந்து செல்வதும், அறிவிழந்த நிலையில் சேர்வதும் ஒருவன் விருப்பம் மட்டுமே என்பதால் அவை கைக்கிளை ஆயின. இது யாவர்க்கும் உடன்பாடே. வியப்பிற்குரியது அடுத்து வருவது. பிரமம் முதலாகிய நான்கும் வடநூலார் உயர்ந்தன என மதித்தவை. பெற்றோர் முன்னின்று, அணிகலன் பூட்டி, சடங்கு வழுவாது செய்து கொடுப்பவை. தமிழிலக்கணம் அவற்றைப் பெருந்திணையில் வைத்தது. யாழோர் கூட்டம் எனப்படும் காந்தருவம் ஒன்றையே ஐந்திணையோடு ஒப்புமை கூறியது.

சடங்கு குறைவுடையது என்பது இதன் கருத்தன்று. கொடுப்போரும் கொள்வோரும் இசைந்திருப்பினும், மணக்கும் இருவரின் உள்ளம் அங்கே வினவப்படவில்லை என்பதே காரணம் எனலாம். கரணம் செம்மையாக அமைந்த மணத்திலும் அன்பு இல்லாதிருத்தல் கூடும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர் நம் முன்னோர்.

அதற்காக அவர்கள் கரணத்தைப் புறக்கணித்தாரும் அல்லர். பொய்யுரைப்பாரும் வழுவி ஒழுகுவாரும் தோன்றிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியம் தரும் செய்தி. காதலித்துக் கைவிடுவானிடமிருந்து பெண்ணைக் காக்க எழுந்த அரண் அது. உயர்ந்தோர் மூவர்க்கு வகுத்த சடங்கு பின்னர் ஏனையோர்க்கும் உரியதாயிற்று என்றும் அந்நூல் குறிக்கின்றது. காவலாக வந்த கரணம் விலங்காக மாறும்போதுதான் இன்னல் பிறக்கின்றது.

வேந்தர் வலிந்து கேட்ட மணம்

வலிமையால் மணம் பெற முயன்ற மன்னரைப் பற்றிப் புறநானூறு பேசுகின்றது. மகட்பாற்காஞ்சி என்னும் துறை அதற்கென்றே அமைந்தது. பேரரசன் ஒருவன் பழங்குடித் தலைவன் ஒருவனின் மகளைக் கேட்கின்றான். தந்தை மறுக்கின்றான். தமையன்மார் வாளேந்தி நிற்கின்றனர். ஊரைச் சூழ்ந்து படை இறங்குகின்றது. பாடிய புலவர் பலரும் வேந்தனின் பெருமையைப் பாடவில்லை. அழியப்போகும் ஊரின் வளத்தையும், ஒரு பெண்ணின் அழகு பெரும்போருக்குக் காரணமாயிற்றே என்னும் இரக்கத்தையுமே பாடினர். ஆற்றல் மிக்க வேந்தனாயினும் மகளை வேண்டாதவனுக்குக் கொடுப்பதினும் போரில் மடிதல் நன்று எனத் துணிந்த தந்தையர் அக்காலத்து இருந்தனர் என்பது இத்துறையால் விளங்கும்.

பாரி மகளிரின் வரலாறு இதற்கு நேர்மாறான துயரைக் காட்டுவது. பறம்புமலைத் தலைவனாகிய பாரி மூவேந்தரின் முற்றுகையில் மாண்டான். பறம்பு என்பது இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை எனப்படும் திருக்கொடுங்குன்றம் என்பர். தந்தையை இழந்த மகளிரை அவன் நண்பராகிய கபிலர் அழைத்துச் சென்று, விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணந்துகொள்ளுமாறு வேண்டினார். இருவரும் மறுத்தனர். வென்றோரின் பகைக்கு அஞ்சியே மறுத்தனர் என்பர் அறிஞர். முன்னாளில் அரசிளங்குமரியர், அன்றோ ஏற்பார் இன்றித் தெருவில் நின்றனர். அவர்தம் குணமும் அறிவும் மாறவில்லை; மாறியது தந்தையின் நாடு ஒன்றே. திருக்கோவலூர் வீரட்டானத்துத் திருக்கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, கபிலர் பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கின்றது. நண்பனின் மகளுக்கு நல்வாழ்வு அமைந்த பின்னரே அப்புலவரின் கடமை முடிந்தது.

நாடு கருதிய மணம்

வலிமையால் அன்றி, நலம் கருதிச் செய்யப்பட்ட மணங்களும் அரச மரபில் பல. முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மணம் செய்வித்தான். அவர்தம் மகன் இராசராச நரேந்திரனுக்கு முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கை வாழ்க்கைப்பட்டாள். அவர்கள் பெற்ற மகனே 1070ஆம் ஆண்டு சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனும் சோழ மன்னன் இரண்டாம் இராசேந்திரனின் மகளாகிய மதுராந்தகியை மணந்தான். மூன்று தலைமுறை மணங்களால் சோழ நாடும் வேங்கியும் ஒரு குடைக்கீழ் வந்தன. இவ்வரசியர் விரும்பி மணந்தனரா, தந்தை சொற்கு அடங்கி மணந்தனரா என்பதை எந்த மெய்க்கீர்த்தியும் கூறவில்லை.

எளியோர் இல்லங்களிலும் இத்தகைய மணம் இல்லாமல் இல்லை. அரசன் நாட்டை எண்ணினான். உழவன் வாய்க்கால் ஓரத்து நஞ்செய்யை எண்ணுகின்றான். சொத்து வெளியே போகலாகாது என்று முறைமாப்பிள்ளைக்கே மகளைக் கொடுத்தலும், பட்ட கடனுக்கும் பழைய வாக்கிற்கும் ஈடாக மணம் பேசுதலும் இந்நோக்கின் பாற்பட்டனவே. நிலத்தின் அளவு வேறு, எண்ணம் ஒன்றே.

எனினும் நாடு கருதிய மணமெல்லாம் கசந்தே முடிந்தன எனல் ஆகாது. அதற்குச் சான்றாக நிற்பவர் மங்கையர்க்கரசியார். அவர் சோழர் குலக்கொடி. பழம்பெருமை குன்றிச் சோழர் சிற்றரசராய் ஒடுங்கியிருந்த 7ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுமாறனுக்குத் தேவியாக வந்தார். அம்மன்னனே நெல்வேலிப் போரில் வென்றவன் எனத் திருத்தொண்டத்தொகை போற்றும் நின்றசீர் நெடுமாறன். நெல்வேலி என்பது நம் திருநெல்வேலியே எனக் கருதுவார் உளர்.

மன்னன் சமண நெறியில் நின்றான். தேவியோ சிவநெறியில் ஊன்றியவர். சமயம் வேறுபட்ட இல்லறம் அது. அவர் கணவனை வெறுக்கவில்லை. தம் நெறியையும் கைவிடவில்லை. அமைச்சர் குலச்சிறையாரோடு சேர்ந்து திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைத்தார். மன்னனை வெப்புநோய் வருத்தியபோது திருநீற்றால் அந்நோய் தீர்ந்தது. அவன் கூனும் நிமிர்ந்தது எனப் பெரியபுராணம் கூறும். பின்னர் மன்னர், தேவி, அமைச்சர் ஆகிய மூவருமே அறுபத்து மூவருள் இடம் பெற்றனர். அரசியல் கூட்டிவைத்த இருவரை ஒருவர்க்கொருவர் காட்டிய பொறுமையே இணைத்தது. மணம் எவ்வாறு நேர்ந்தது என்பதினும், மணந்தபின் ஒருவர் உள்ளத்தை மற்றவர் மதித்தனரா என்பதே இல்லறத்தின் உயிர்நிலை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இம்மன்னனைப் பற்றிய மற்றொரு செய்தியும் அறிந்து இன்புறத்தக்கது. பாண்டிக்கோவை என்னும் அகப்பொருள் நூல் அவன் வெற்றிகளைப் புகழ்கின்றது. இறையனார் களவியல் உரையில் அந்நூற்பாடல்கள் மேற்கோளாக வருகின்றன. அப்பாடல்களில் அரசன் பாட்டுடைத் தலைவன் மட்டுமே. காதலிக்கும் தலைவனும் தலைவியும் பெயரில்லாதவர்கள். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. போருக்கு அரசனின் பெயர் வேண்டும். காதலுக்குப் பெயரும் இல்லை, குலமும் இல்லை, அரியணையும் இல்லை. அன்பு அரசர்க்கும் ஆண்டிக்கும் பொது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமோ?

எளியோர் மணமும் உடன்போக்கும்

சங்க காலத்து எளியோர் மணக்காட்சியை அகநானூற்றுப் பாடல்கள் இரண்டு காட்டுகின்றன. புதுமணல் பரப்பிய பந்தல், வரிசையாக விளக்குகள், உழுந்து கூட்டிச் சமைத்த உணவு, திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நன்னாள். மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். பொன்னும் பொருளும் பேசப்படவில்லை. கணவன் விரும்பிப் பேணும் துணையாக வாழ்வாயாக என்பதே வாழ்த்தின் கருத்து.

பெற்றோர் இசையாதபோது தலைவி தலைவனோடு செல்லுதல் உடன்போக்கு எனப்பட்டது. கொடுத்தற்குரியோர் இல்லாமலும் கரணம் நிகழ்தல் உண்டு எனத் தொல்காப்பியம் அதற்கும் இடம் வகுத்தது. மகளைத் தேடிச் சுரத்து வழியே செல்லும் செவிலித்தாய், எதிர்ப்பட்ட முக்கோற்பகவரை வினவுவதாகக் கலித்தொகை ஒரு காட்சியை அமைக்கின்றது. சந்தனம் மலையிற் பிறந்தாலும் மலைக்குப் பயன்படுவதில்லை; முத்து கடலிற் பிறந்தாலும் கடலுக்குப் பயன்படுவதில்லை; நும் மகளும் அத்தகையளே என அச்சான்றோர் அவளைத் தேற்றுகின்றனர். அவள் சென்ற வழி அறநெறியே என்றும் கூறித் திருப்பி அனுப்புகின்றனர்.

பொருநை நாட்டார்க்கு இவ்வுவமை புதிதன்று. பொதிகையில் சந்தனம் விளைந்தது. ஆறு கடலொடு கலக்கும் கொற்கையில் முத்து விளைந்தது. இரண்டும் பிறந்த இடத்தை விட்டு நீங்கியே பெருமை பெற்றன. மகளைத் தேடிச் சென்ற அத்தாயின் கையில் வாள் இல்லை. கண்ணில் நீரே இருந்தது. ஆறுதல் கூறிய துறவிகளும் அவள் சினத்தை மூட்டவில்லை. இக்காலத்தில் மனம் ஒத்து மணந்த இளையோரைக் குலப்பெருமையின் பெயரால் கொன்றொழிக்கும் கொடுமை தமிழ்நாட்டில் நிகழக் கேட்கின்றோம். அதனைப் பண்பாடு என்பார் உளராயின், அவர் கூறுவது எந்தப் பண்பாடு?

சங்கிலியார் கேட்ட உறுதி

பெற்றோர் செய்ய வேண்டுவது யாது என்பதற்குச் சேக்கிழார் பெருமான் ஒரு வழி காட்டுகின்றார். ஞாயிறு என்னும் ஊரில் வேளாண் குடியில் பிறந்தவர் சங்கிலியார். பருவம் எய்திய மகளுக்குப் பெற்றோர் மணம் பேசினர். அது தமக்கு இசையாது என அவர் மறுத்தார். பெற்றோர் முதலில் அஞ்சினர், கலங்கினர், உறவினர்க்கு என்ன மறுமொழி கூறுவது எனத் தடுமாறினர். ஆயினும் மகளை வற்புறுத்தவில்லை. திருவொற்றியூரில் கன்னிமாடம் அமைத்துக் கொடுத்து, அவர் விரும்பியவாறே இறைவனுக்குத் திருமாலை தொடுக்கும் தொண்டில் வாழ விட்டனர்.

பின்னர்ச் சுந்தரமூர்த்தி நாயனார் அவரைக் கண்டு காதல் கொண்டு, இறைவனிடம் வேண்டினார். இறைவன் கனவில் தோன்றி எடுத்துரைத்தபோதும் சங்கிலியார் உடனே தலையசைத்துவிடவில்லை. அவர் திருவாரூரில் பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவர் ஆயிற்றே எனத் தம் ஐயத்தை இறைவனிடமே வெளியிட்டார். பிரியேன் என அவர் சூளுறவு செய்வார் என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே இசைந்தார். மகிழ மரத்தடியில் அச்சூளுறவு நிகழ்ந்தது. சுந்தரர் அதனை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது கண்ணொளி மறைந்தது. தம்பிரான் தோழரே ஆயினும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கைப் பிழைத்தல் ஆகாது என்பதே அதன் உட்பொருள். பரவையார் ஊடியபோதும் இறைவனே திருவாரூர் வீதியில் இருமுறை தூது நடந்தான். ஒரு மனைவியின் மனவருத்தத்தைச் சிறிதென அவன் எண்ணவில்லை.

குடிமை இன்புறல்

தலைவன் தலைவியர்க்கு வேண்டும் ஒப்புமை பத்து என்று மெய்ப்பாட்டியல் கூறும். பிறப்பும் குடிமையும் அவற்றுள் முதலில் எண்ணப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் பலரும் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். அப்பத்தினுள் அன்பு நிலைத்த வாயிலும், அருளும், உணர்வும் உள்ளன. அடுத்து வரும் நூற்பாவில், மணத்திற்கு ஆகாதன என விலக்கப்படும் குற்றங்களும் பட்டியலிடப்பட்டுள்ளன. பொறாமை, கொடுமை, வன்சொல், சோம்பல் ஆகியவற்றோடு அங்கே இடம்பெறுவது குடிமை இன்புறல். தன் குலத்தை எண்ணித் தானே மகிழ்ந்து தருக்குதல் என்பது அதன் பொருள். குலப்பெருமையைக் கொடுமையோடும் வன்சொல்லோடும் ஒரே வரிசையில் வைத்தனர் பண்டையோர். குலத்தை முன்னிட்டு மணத்தைத் தடுப்போர் அந்நூற்பாவையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

மணமகளின் இசைவைக் கேட்டறிதல் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. தறியொலிக்குப் பெயர்பெற்ற மேலப்பாளையத்தில் பெருந்தொகையினராக வாழும் இசுலாமிய அன்பர்களின் நிக்காஹிலும், மணமகளின் சம்மதம் பெறுதல் இன்றியமையாததாகக் கருதப்படுகின்றது. நாட்டின் சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. வற்புறுத்தியோ வஞ்சித்தோ பெற்ற சம்மதத்தால் நிகழ்ந்த மணத்தை நீதிமன்றத்தின் வழி நீக்கிக்கொள்ள 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இடம் தருகின்றது. உரிய வயது நிரம்பிய இருவர் மனமொத்து மணக்கக் குடும்பத்தின் இசைவோ சமூகத்தின் இசைவோ கட்டாயமன்று என 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனால் பெற்றோர்க்கு இடமில்லை என்பதன்று. பிள்ளைகள் தேர்ந்த துணையின் குணத்தையும் தொழிலையும் ஆராய்ந்து, தீமை காணின் எடுத்துரைத்தல் பெற்றோர் கடன். அதனைப் பொறுமையோடு கேட்டல் பிள்ளைகளின் கடன். நாள் குறிக்கும் முன்னர் மகளைத் தனியே அழைத்து, அவள் உள்ளத்தை அன்போடு வினவுதல் வேண்டும். மௌனம் சம்மதம் என்பது பழமொழி. ஆயின் அச்சத்தால் வாய்மூடி நிற்பவளின் மௌனம் சம்மதம் ஆகாது. அழைப்பிதழ் அச்சிட்டாயிற்றே, மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்பன ஒரு வாழ்வைப் பலியிடப் போதிய காரணங்கள் அல்ல. மகனுக்கும் இஃது ஒக்கும்.

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர். வேதசர்மர் என்னும் அடியவர் இறைவனின் திருவமுதுக்காக உலர வைத்த நெல்லைப் பெருமழை அடித்துச் செல்லாவண்ணம் இறைவன் வேலியிட்டுக் காத்தமையால் இத்தலம் நெல்வேலி ஆயிற்று என்பது தலவரலாறு. பெற்றோரும் உற்றாரும் அவ்வாறே வேலியாக நிற்றல் வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது ஏது? ஐப்பசித் திருக்கல்யாணத்தைக் கண்டு இல்லம் திரும்பும் அன்பர்கள், அம்மையின் தவத்திற்குப் பின்னரே தாரை நீர் வார்க்கப்பட்டது என்பதை உள்ளத்திற் கொள்வார்களாக. மனம் இசைந்த மணங்கள் பெருகி, இல்லந்தோறும் இன்பம் நிலவ, காந்திமதி உடனுறை நெல்லையப்பர் திருவருள் துணைநிற்பதாக!